விரலால் கேட்டவர்

எங்கள் டொக்டரம்மாவுக்குக் கை குலுக்கத் தெரியாது. யாராவது கையை நீட்டினால் அதைத் தாண்டிப் போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். இரண்டு விரல்கள் நாடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்பார். நாம் சொல்லும் பதிலைக் காதில் வாங்க மாட்டார்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அவர் நானா. ஒருநாள் நானும் டொக்டரும் சேலை எடுக்கப் போயிருந்தோம். நானா பார்சலைக் கட்டி நீட்டினார். இவர் பார்சலை விட்டுவிட்டு நானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நானாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அரை நிமிஷம் கழித்து டொக்டர் கையை விட்டார்.

"பிரஷரைப் போய்ப் பாருங்கோ. நாளைக்கே பாருங்கோ."

அடுத்த வாரம் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரஷர் ஏகத்துக்கு இருந்ததாம், கிளினிக்கில் திட்டி மருந்து கொடுத்தார்களாம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் சந்தோஷத்தைக் காணோம்.

"மிஸ்ஸி, ஒண்டு சொல்றேன், கோவிக்க வாணாம். அந்த டொக்டரம்மா கையப் புடிச்சா, உள்ளுக்கு யாரோ கதவத் தொறந்து எட்டிப் பாக்குற மாதிரி இரிக்கி. அடுத்த தரம் நீங்க மட்டும் வாங்க."

எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் மாற்றலாகி வந்தார். வந்தவர்கள் எல்லாரும் குளிருக்குப் பயந்து இரண்டு வருஷத்தில் ஓடிப்போகும்போது, இவர் மட்டும் போகவில்லை. கல்யாணம் கட்டவில்லை. நான் அங்கே ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ், பிறகு சிஸ்டர்; ஜனங்களுக்கு எப்போதும் மிஸ்ஸி. அப்பா தெமோதரை ஸ்டேஷனில் போட்டராக இருந்தவர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தோட்டங்களுக்கு நடுவே, பதுளையிலிருந்து அவ்வளவு தூரமில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கம் என்று ஜனங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஆளைத் தூங்கவைப்பது ஒன்று. உடம்பைத் தளரவைப்பது இன்னொன்று. வயிற்றைக் கிழித்துக் கை வைக்கும்போது தசைகள் இறுகியிருந்தால் டொக்டர்மாரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கென்று தனி ஊசி. அது ஏறினால் இமை அசையாது, நாக்கு அசையாது, மூச்சுகூட நின்றுவிடும். ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நாங்கள்தான் மூச்சு விடவைக்க வேண்டும். ஆனால் அந்த ஊசிக்கு ஆளைத் தூங்கவைக்கத் தெரியாது. தூங்கவைப்பது வேறு மருந்து. அது குறைந்துபோனால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

உடம்பு முழுவதையும் கட்டிப்போடும் அந்த ஊசி இதயத்தை மட்டும் கட்டாது. சும்மாவும் விடாது, சீண்டிப் பார்க்கும். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதமாகச் சீண்டும். கியூராரே என்ற மருந்து கொடுத்தால் நெஞ்சு சிவந்து பிரஷர் இறங்கும். கெலமின் என்று ஒன்று, அது ஏறினால் நாடி ஓட ஆரம்பித்துவிடும், நூறு, நூற்றிருபது என்று. இன்னொரு மருந்து ஐந்து நிமிஷம்தான் வேலை செய்யும். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தரம் கொடுத்தால் இதயம் தடுமாறி, சில நேரம் நின்றேபோகும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. டொக்டருக்கு அது விரலில் இருந்தது.

ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்கள், குடல் சிக்கிக்கொண்டு. அந்த ஐந்து நிமிஷ ஊசியை இரண்டாம் தரம் போட வேண்டிவந்தது. போடுமுன் டொக்டர், இதயத்தை ஓடவைக்கும் அட்ரோபினை இன்னொரு ஊசியில் ஏற்றி என் கையில் தந்தார். பிள்ளையின் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டார்.

"இப்ப குறையும்," என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸுக்கும் தெரியவில்லை.

"குடுங்கோ! கத்தியை வெளியிலை எடுங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ!"

அட்ரோபின் உள்ளே போன பிறகுதான் அந்த நர்ஸ் முகம் வெளுத்துப்போய் நிமிர்ந்தாள். நாலு துடிப்புக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். பிறகு மெதுவாக ஒன்று, இரண்டு என்று கேட்டதாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. சத்தம் காதுக்கு வருமுன் விரலுக்கு எப்படி வந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க ஒரு மாதிரியாக இருந்தது.

ஆனால் அந்த விரலும் ஒருமுறை ஏமாந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் வந்த முதல் வருஷம். லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், வயிற்றில் கட்டி. உடம்பில் ரத்தமே இல்லை, பிரஷர் குறைவு. தூங்கவைக்கும் ஹலோதேன் அந்த நாட்களில் தட்டுப்பாடு. அதிலும் ஆள் பலவீனம் என்று குறைத்தே வைத்திருந்தோம். தளர்த்துவதற்குக் கெலமின். வயிற்றைத் திறந்து பார்த்த சர்ஜன் தலையை ஆட்டிவிட்டார். எல்லா இடமும் பரவியிருந்தது. திரும்ப மூடச் சொல்லி இங்கிலீஷில் சொன்னார்.

அட்டெண்டன்ட் ராமையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன என்று கண்ணால் கேட்டான். நான் தமிழில் சொன்னேன்.

"பாவம், ரெண்டு மாசம் தாங்குறதே பெரிசு. புள்ளைங்க வேற சின்னதுங்க."

அப்போது டொக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நூற்றி நாப்பது," என்றார். நான் அட்டவணையில் எழுதினேன். "கூடத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தார். பிறகு அவரே, "கெலமின்தான். அது அப்பிடித்தான் செய்யும்," என்றார். நான் நூற்றி நாற்பதுக்குப் பக்கத்தில் 'மருந்தினால்' என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது.

மறுநாள் வார்டுக்குப் போனோம். அந்தப் பெண் தலையணையில் சாய்ந்திருந்தாள். நான் டொக்டரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும் என் பக்கம் திரும்பினாள். அதற்கு முன் அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை, முகத்தை மூடிக்கொண்டுதானே நிற்போம். குரலை வைத்துப் பிடித்துவிட்டாள்.

"நீங்கதானே மிஸ்ஸி அது? ரெண்டு மாசம்னு சொன்னது நெசந்தானா?"

கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"கோவத்துல கேக்கல மிஸ்ஸி. நெசம்னா புள்ளைங்களுக்கு ஒரு வழி பண்ணனும். அதான்."

டொக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு எல்லாம் கேட்டதோ?"

"கேட்டுச்சு. கத்தி பட்டதும் தெரிஞ்சிச்சு. கத்துனேன் டொக்டரம்மா, வாய் வரல. கண்ணத் தொறக்கப் பாத்தேன், அதுவும் வரல. நீங்க எங் கையப் புடிச்சிருந்தீங்க. வேற வழி தெரியல. ஒங்க வெரல்லதான் கத்துனேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். டொக்டர் அவள் கையைத் தொடப் போனார், தொடாமல் எழுந்துவிட்டார். நான் சொன்ன கணக்கு சரிதான். இரண்டு மாசத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துபோனது. பிள்ளைகளைத் தங்கச்சியின் லயத்து வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் போனாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறேன். அவளை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் டொக்டர் நாங்கள் அறிந்த டொக்டர் ஆனார். கண்ட கண்ட மனுஷர் மணிக்கட்டைப் பிடிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். பயத்தில் ஓடும் நாடி எப்படி, கோபத்தில் எப்படி, படியேறி வந்தால் எப்படி, மருந்தில் எப்படி என்று வகை பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் இருக்கிறது என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். "நூற்றிமுப்பது எண்டா நூற்றிமுப்பதுதான். கெலமினோ, அலறலோ எண்டு நாடியிலை எழுதியிருக்காது."

நாடியால் முடியாது என்று தெரிந்ததும் வேறு வழி பிடித்தார். பிரஷர் பார்க்கும் பட்டி இன்னொன்றைக் கொண்டுவந்தார். தளர்த்தும் ஊசியைப் போடுமுன் நோயாளியின் ஒரு கையில் அதைக் கட்டி, ரத்தம் போகாதபடி காற்றடித்து இறுக்கிவிடுவார். ரத்தம் போகாத கைக்கு மருந்தும் போகாது. உடம்பு முழுக்கக் கல்லாகக் கிடக்கும்போது அந்த ஒரு கை மட்டும் அசையும். இருபது நிமிஷம்தான் அப்படி வைக்கலாம், அதற்கு மேல் கைக்கு ஆபத்து. அந்த இருபது நிமிஷத்துக்குள் ஆள் நிஜமாகத் தூங்கிவிட்டாரா என்று தெரிந்துவிடும்.

பையை அமுக்க ஒரு கை, நெற்றிப்பொட்டு நாடிக்கு ஒரு கை என்று அவருக்கு இரண்டு கையும் வேலை. அதனால் அந்தக் கையைப் பிடிப்பது என் பொறுப்பு. அவர் குனிந்து நோயாளியின் காதில் கேட்பார்.

"நான் கதைக்கிறது கேக்குதோ? கேட்டா மிஸ்ஸியின்ரை விரலை அமத்துங்கோ."

அந்தக் கையைப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். வெளுத்துக் குளிர்ந்துபோயிருக்கும், நாடி இருக்காது. நாடி உள்ள கை அந்தப் பக்கம் அசையாமல் கிடக்கும். நாடி இல்லாத கைதான் பேசும். முதல் தரம் அது என் விரலை அமுக்கியபோது நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி ஒருவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன். வாட்டசாட்டமான ஆள். பத்தாம் நிமிஷம் டொக்டர் கேட்டார், என் விரல் அமுங்கியது. வலித்தால் இரண்டு தரம் அமத்தச் சொன்னார். இரண்டு தரம் அமுங்கியது. ஹலோதேனைக் கூட்டினார், கை தளர்ந்தது. மறுநாள் கங்காணியிடம் கேட்டால் சிரிக்கிறார்.

"நல்ல தூக்கம்ங்க. ஊசி போட்டது தெரியும், முழிச்சது தெரியும். நடுவுல ஒண்ணுமில்லீங்க."

வெளியே வந்ததும், "நல்லதாப் போச்சு டொக்டர், மறந்துட்டாரு," என்றேன்.

டொக்டர் நின்றுவிட்டார். "அவர் மறந்திட்டார், சரி. வலிக்குது எண்டு ரெண்டு தரம் அமத்தினது ஆர்? அந்த ஆள் இப்ப எங்கை?"



தியேட்டருக்குள் நோயாளியிடம் தவிர வேறு யாரிடமும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டார். ஆயுதம் கேட்பதென்றாலும் கையைத்தான் நீட்ட வேண்டும். முணுமுணுத்த டொக்டர்மாரும் பழகிவிட்டார்கள். ஆனால் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த ராமையா வெளியே போய்ச் சொன்னதில், தோட்டங்களில் அவருக்கு 'பொணத்தோட பேசுற டொக்டரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தம்மா கேள்வி கேட்டால் பொணம் கையால் பதில் சொல்லுமாம். அவர் நடந்துவந்தால் வார்டில் சில பேர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். நான் கோபப்பட்டேன். அவருக்குக் கோபமே இல்லை.

"அவை சொல்றதிலை பாதி சரிதானே?" என்றார்.

பிறகு அவருக்கே ஆப்பரேஷன் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுக்க வேண்டும். கொழும்புக்குப் போகச் சொல்லி எல்லாரும் சொன்னோம்.

"கொழும்பிலை ஆர் என்ரை கையைப் பிடிப்பினம்?" என்று கேட்டார்.

ஆப்பரேஷனுக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்தார், ஆனால் இந்த முறை எண்ணவில்லை. நூற்றுக்கணக்கான பேரைத் தளர்த்திப் படுக்கவைத்த மனுஷி, தான் படுக்கப் பயந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"எனக்குச் சாவு பயமில்லை. உள்ளுக்குக் கிடந்து கத்த, வெளியிலை நிண்டு 'மருந்தாலை' எண்டு எழுதிப்போட்டால்? அதுதான் பயம். நீர் கையை விடப்படாது. கேக்க மறக்கப்படாது."

"விட மாட்டேன் டொக்டர். சத்தியமா."

மயக்கம் கொடுக்க வெளியிலிருந்து இளம் டொக்டர் ஒருவர் வந்தார். நல்ல பையன், மரியாதையானவர். டொக்டர் கேட்டுக்கொண்டபடியே பட்டியைக் கட்ட ஒப்புக்கொண்டார். தூங்கவைத்தார்கள். பட்டிக்குக் காற்றடித்தது நான். கெலமின் ஏறியது. வயிற்றைத் திறந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதில் கேட்டேன்.

"டொக்டர், கேக்குதா? கேட்டா அமத்துங்க."

ஒன்றுமில்லை. இன்னொரு தரம் கேட்டேன், அப்போதும் ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குகிறார் என்று மனசு ஆறிப்போனது.

இளம் டொக்டர் நாடியை எண்ணினார். நூற்றிப்பத்து. கொஞ்ச நேரத்தில் நூற்றிமுப்பது. நான் நிமிர்ந்து பார்த்ததைக் கண்டு, "கெலமின் தானே சிஸ்டர்," என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "அப்படித்தான் ஓடும். கைதான் அசையவில்லையே?"

கை அசையவில்லைதான். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கை சூடாக இருந்தது. விரலை நகர்த்தி மணிக்கட்டில் வைத்தேன். நாடி துடித்துக்கொண்டிருந்தது. துடிக்கவே கூடாத கையில், என் விரலைத் தள்ளிக்கொண்டு, மூச்சு முட்ட ஓடியது.

பட்டியில் காற்றளவு காட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் அடியில் கிடந்தது. பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு. எப்போது காற்றுப் போனதோ தெரியாது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முள்ளைப் பார்க்கவில்லை. மருந்து அந்தக் கைக்கும் போய்விட்டது. அவருக்கு இருந்த ஒரே வாயையும் என் கவனக்குறைவால் அடைத்துவிட்டேன்.

இனி இருந்தது நாடி மட்டும்தான். அது மருந்தாக இருக்கலாம். லுணுகலைக்காரிக்கும் அப்படித்தான் இருக்கலாம் என்று நினைத்தோம். பட்டியில் காற்றுப் போய்விட்டது என்று விளக்கிக்கொண்டு நின்றால், அந்தப் பையன் நிதானமாக யோசிப்பார், இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்பார். உள்ளே ஒருவர் விழித்துக் கிடந்தால் ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம்!

வருஷக்கணக்காகத் தியேட்டருக்குள் மூடிவைத்திருந்த வாயைத் திறந்தேன்.

"கைய அமத்தினாங்க டொக்டர்! இப்பதான், ரெண்டு தரம்! முழிச்சிருக்காங்க!"

அவர் பதறிப்போய் ஹலோதேனைக் கூட்டினார். நாடி நூற்றிமுப்பதிலிருந்து மெதுவாக இறங்கி, தொண்ணூறில் வந்து நின்றது. ஹலோதேன் கூடினால் யாருக்கும் நாடி குறையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் அவர் காதில் குனிந்து, "நான் இங்கதான் இருக்கேன், கைய விடல," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூங்குகிற ஆளிடம் பேசுகிறோமா என்று ஒரு பக்கம் சிரிப்பாகவும் வந்தது. அழுகையை அடக்க அதுவும் உதவியது.

பின்னேரம் வார்டில் கண் விழித்தார். தண்ணீர் கேட்கவில்லை, வலி என்று சொல்லவில்லை. வெறித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். போர்வைக்கு மேலே அவர் கை மட்டும் ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"நல்லா நித்திரையா டொக்டர்?" என்று கேட்டேன்.

"நீர் பொய் சொன்னனீர்," என்றார்.

மற்றக் கையால் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நான் அமத்தேல்லை. அமத்தப் பாத்தனான், ஏலாமல் போச்சு. நீர் ரெண்டு தரம் எண்டு சொன்னனீர்."

இரண்டு விரல்களும் என் நாடியில் அழுந்தின. அவர் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுக்கவில்லை.

"நூற்றி இருபது," என்றார் டொக்டர். "இது மருந்தில்லை."